வேலையில் மனம் லயிப்பதை அளக்க முடியுமா?



வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருப்போர் சந்தித்தால் ஒரே பேச்சுத்தான். "பொடியன்மார் கடையில் நிற்கிறார்களில்லை. நாலு மாதத்தில் மனம் வெறுத்துப் போகிறார்கள்." சம்பளம் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் அதே சம்பளத்துக்குத் தையல் மெஷினில் குனிந்த தலை நிமிராமல் இருக்கும் பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். ஒருவருக்கு நேரம் நகர மறுக்கிறது, மற்றவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. இந்த வித்தியாசத்தை உளவியலாளர்கள் அளக்கிறார்கள். எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற பேராசிரியர் ஹங்கேரியக் குடும்பத்தில் 1934இல் பிறந்தவர். 22 வயதில் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் அங்கேயே கற்பித்தார். 2021இல் காலமானார். மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், நடனக்காரர், சத்திரசிகிச்சை நிபுணர் எனப் பலரைப் பேட்டி கண்டார். வேலையில் ஆழ்ந்திருக்கும்போது ஏதோ நீரோட்டம் தம்மை இழுத்துச் செல்வது போல இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அதனால் அந்நிலைக்கு 'ஃப்ளோ', அதாவது 'ஓட்டம்' என்று பெயரிட்டு 1975இல் நூல் எழுதினார்.

அந்நிலை வர மூன்று காரியங்கள் வேண்டும். ஒன்று, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு, செய்தது சரியா பிழையா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். மூன்று, வேலையின் கடினமும் செய்பவரின் திறனும் சமமாக நிற்க வேண்டும். பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கம் பட்டை தீட்டுபவரைப் பாருங்கள். எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பது அவருக்குத் தெரியும். வெட்டிய முகம் சரியா என்பதைக் கல்லே காட்டிவிடும். கைப்பழக்கம் இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது. மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டன.

வேலை கடினமாகித் திறன் போதாவிட்டால் பதற்றம் வரும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியபோது நம் வியாபாரிகளுக்கு வந்தது அதுதான். திறன் இருந்தும் வேலை மிக இலகுவானால் சலிப்பு வரும். கெட்டிக்காரப் பொடியனை நாள் முழுக்க வாசலில் நிற்க வைத்தால் அவனுக்கு வருவது இதுவே.

சரி, மனதில் நடப்பதை எப்படி அளப்பது? முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பேஜர் முறை. 1970களில் தொடங்கியது. ஒருவரிடம் பேஜரைக் கொடுத்து ஒரு வாரம், நாளுக்கு ஏழெட்டுத் தடவை, எதிர்பாராத நேரத்தில் ஒலிக்க விடுவார்கள். ஒலித்ததும் அவர் என்ன செய்கிறார், அது எவ்வளவு கடினம், தன் திறன் எவ்வளவு, மனநிலை எப்படி என்று ஒரு படிவத்தில் குறிக்க வேண்டும். கடினம், திறன் இரண்டும் அந்த ஆளின் சொந்த வாரச் சராசரியை விட உயர்ந்திருந்தால் அது 'ஓட்டம்' என்று கணக்கு.

இரண்டாவது, வினாக்கொத்து முறை. சூசன் ஜாக்சன், ஹேர்பர்ட் மார்ஷ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட அளவுகோலில் 36 வாக்கியங்கள் உள்ளன. ஒன்பது அம்சங்களை அவை அளக்கின்றன. கவனம், தன்னை மறத்தல், நேர உணர்வு மாறுதல் போன்றவை அவற்றுள் சில.

இரண்டிலும் குறை உண்டு. பேஜர் ஒலித்தால் ஓட்டமே அறுந்துவிடும். வினாக்கொத்தோ முடிந்த பிறகு ஞாபகத்தை நம்பிக் கேட்பது. நிறுத்தாமல் எடை பார்க்க முடியாத தராசு போன்ற பிரச்சினை இது.

1989இல் வெளியான ஆய்வு ஒன்று நமக்கு முக்கியம். சிக்காகோ பகுதியில் 78 ஊழியர்களைப் பேஜர் முறையில் பார்த்தார்கள். வேலை நேரத்தில் 54 வீதம் ஓட்ட நிலை, ஓய்வு நேரத்தில் 18 வீதம் மட்டுமே. ஆனாலும் வேலையில் இருந்தபோதுதான் 'வேறெங்காவது இருந்தால் நல்லது' என்று அதிகம் விரும்பினார்கள். ஆக, வேலை பிடிப்பது வேறு, அதைக் கட்டாயம் என்று உணர்வது வேறு.

கடைக்காரர் செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். ஊழியர் சம்மதித்தால் அவரது கைபேசியில் நாளுக்கு ஐந்து அலாரம், ஒரு சிறிய கொப்பி. என்ன வேலை, எவ்வளவு கடினம், எனக்கு எவ்வளவு தெரியும், இந்த மூன்றையும் குறித்து வந்தால் போதும். ஒரு வாரத்தில் யாருக்கு எந்த வேலை பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். அந்தக் கொப்பியைத் தண்டிப்பதற்குப் பாவிக்கக் கூடாது. பாவித்தால் மறுநாளே பொய் எழுதுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டம் தன்னளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. சூதாடுபவனுக்கும் அது வரும். நமக்கும் கணக்குப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கையில் லுஹர் பாங்கு காதில் விழாமல் போகலாம். பெருநாள் சீசனில் தையற்காரர் நேரம் மறந்து தைப்பார். மறப்பது அவர், மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியது முதலாளி. அவர் லயித்து வேலை செய்கிறார் என்பதற்காக மேலதிக நேரக் கூலியை விழுங்குவது அமானிதத்துக்குத் துரோகம். வேலையை அவருக்குப் பொருத்தமாக்கிக் கொடுப்போம், கூலியையும் முழுதாகக் கொடுப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் பொடியன்மார் நிற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.