வெற்றுக்கூட்டின் காவல்

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது, அங்கு வசித்த என் ராத்தாவுக்கும் காய்ச்சல் கண்டது. சுகமானதும், “இனி உனக்கு வராது மகள்” என்றார் உம்மா. அது தவறென்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி, இன்னொரு வகையை அழிக்க முடியாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டால், அவ்வைரசு கலத்துக்குள் நுழைய அதுவே வழியாகிவிடும். ஆகவே இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாகலாம். தடுப்பூசி ஆய்வாளருக்கும் இதுவே பெரும் சிக்கல்.

புதுடில்லியில் மரபணுப் பொறியியலுக்கான சர்வதேச நிலைய ஆய்வாளர்கள் 2018இல் ஒரு வழியை வெளியிட்டனர். நான்கு வகைகளினதும் உறைப்புரதத்திலிருந்து, காக்கும் எதிர்ப்பைத் தூண்டும் சிறு பகுதியை மட்டும் எடுத்தனர். அவற்றை ஈரல் அழற்சி பி வைரசின் மேற்பரப்புப் புரதத்துடன் இணைத்து, மதுவக் கலங்களில் ‘வைரசு போன்ற துணிக்கை’களாக வளர்த்தனர். உள்ளே வைரசின் மரபணு இல்லை. எனவே பெருகாது, நோய் தராது. எலிகளிலும் குரங்குகளிலும் நான்கு வகைகளுக்கும் எதிர்ப்பு உண்டானது. மனிதரில் சோதித்துத் தேறினால்தான் அது தடுப்பூசியாகும்.

தோழியரே, இதை உம்மாவிடம் விளக்கினேன். மறுபேச்சின்றி, உப்புவெளி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். இன்றைக்கு நம் கையிலுள்ள காவல் அதுதான்.