மழையில் இறுகும் கதவை என்ன செய்வது?

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் பல வீடுகளில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஊறிய மரத்தை இழைத்தால் பங்குனி வெயிலில் அது சுருங்கிச் சந்து விடும். இழைத்த விளிம்பு பூச்சில்லாமல் நிற்பதால் அடுத்த மழைக்கு முன்னைவிட வேகமாக ஊறும்.

முதலில் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பற்றி மேலே தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் குறை பெரும்பாலும் தளர்ந்த திருகாணியில்தான், முறுக்கினால் சரியாகிவிடும்.

ஆட்டம் இல்லையென்றால் நிலையின் உள்விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டும் இடமே உரசும் இடம். அதைப் பென்சிலால் அடையாளமிட்டு வையுங்கள். குறிப்பது மழையில், இழைப்பது வெயிலில். அதுவரை அந்த விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம்.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: நுண்ணிய குழாய்களின் உள்ளே, அந்தக் குழாய்களின் சுவருக்குள்ளே. பச்சை மரம் காயும்போது குழாய்த் தண்ணீர் முதலில் வெளியேறும். அப்போது அளவு மாறாது. முழுக்கக் காய்ந்த மர எடையோடு ஒப்பிட்டால் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவரிலுள்ள நீர் கழன்று மரம் சுருங்கத் தொடங்கும். மாட்டிய கதவு ஆண்டு முழுதும் ஏறி இறங்குவது இந்த எல்லைக்குள்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்தில் சுமார் 12 சதவீத ஈரம் நிற்கும். 80 சதவீதத்தில் பல வாரங்கள் நீடித்தால் அது 16-ஐ நெருங்கும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே ஓர் அடி அகலத் தேக்குப் பலகை 2 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசை போடாமல் செருகும் தச்சு முறை எவ்வளவு அறிவார்ந்தது என்பது இங்கே புரியும்: பலகை உள்ளேயே விரிந்து சுருங்கும், சட்டத்தைத் தள்ளாது.

காற்றின் ஈரம் மெல்லத்தான் நுழையும். தண்ணீராகவே நுழைவதுதான் பெரிய கேடு. இழை ஓடும் திசையில் ஈரம், குறுக்கே போவதைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக நகரும். கதவின் நெடுஞ்சட்டங்களில் இழைமுனைகள் மேல், கீழ் விளிம்புகளில் திறந்து நிற்கின்றன. பெயின்டர் தொடாமல் விடுவதும் அவற்றைத்தான். தரை கழுவும் தண்ணீரும் சாரலும் கீழ்விளிம்பு வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும்.

மழை ஓய்ந்ததும் நிலைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள சந்தை ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை அளந்து வாருங்கள். அளவு மாறாமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது. அவசரத்துக்கு வெயிலில் சாய்த்து வைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும், வெடிக்கும். பிறகு கதவைக் கழற்றி, மெழுகு தேய்த்த இடத்தை டர்பன்டைனால் துடைத்து, பென்சில் குறியிட்ட இடத்தில் தேவையான அளவு மட்டும் இழையுங்கள். மேல், கீழ் விளிம்புகளுக்கு முதல் கோட் வார்னிஷைக் கொஞ்சம் நீர்க்கக் கலந்து பூசி உறிஞ்ச விடுங்கள். அதன்மேல் இரண்டு கோட் கெட்டியாகக் கொடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கோட் வாங்க வேண்டும். வார்னிஷ் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். ஒரு பக்கம் மட்டும் தாமதமானால் கதவு வளைந்துவிடும்.

சுவரில் ஈரம் ஏறும் வீடுகளில் இவ்வளவும் செய்தும் நிலை ஊறலாம். செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் வழியே தரையீரத்தை மேலே இழுக்கும். சுவரைத் தொடும் நிலையின் முதுகு அதைக் குடிக்கும். புது நிலை நிறுத்துவதாக இருந்தால் முதுகிலும் அடிமுனையிலும் பூச்சு காய்ந்த பிறகே கட்டச் சொல்லுங்கள். இவ்வளவும் மரக்கதவுக்குத்தான். மரத்தூள் பலகையில் செய்த கதவு ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. குளியலறைக்கு அதை வாங்கவே வேண்டாம்.