கொழுஞ்சி விதை முளையாமைக்குப் பரிகாரம்

கொழுஞ்சி நம் நாட்டுக் கரம்புகளிலும் வழியோரங்களிலும் தானே முளைக்கும் சிறு செடி. அதனைத் தழையுரத்திற்காக விதைத்துப் பார்த்த குடியானவர் சிலர், சொத்தை விதையென்று கைவிடுவதுண்டு. குற்றம் விதையினுடையதன்று, மெழுகு பூசியதுபோன்ற அதன் கடினத் தோல் நீரை உட்புகவிடாது.

விதையுடன் பருமணல் கலந்து உரலிலிட்டு, பருப்பு உடையாதவாறு மெல்லக் குற்றித் தோலைக் கீறிவிடல் வேண்டும். பின்னர் ஒரு பிடி விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பார்க்க. பெரும்பாலும் பருத்திருந்தால் விதைக்கலாம். இல்லையேல் மறுபடியும் குற்றுக. இச்சோதனைக்குச் செலவு யாதுமில்லை, செய்வோர்தாம் அரியர்.

ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். வாசுதேவநல்லூரைச் சார்ந்த மலையடிவாரப் புன்செய்களில் ஐப்பசி மழையின் ஈரத்தில் விதைக்கலாம். குளத்துப் பாசன வயல்களில் நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்னதாக, நிற்கும் பயிரினூடே தூவலாம். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. முதலில் வளர்ச்சி மந்தமே. ஆயினும் வேர் ஆழ்ந்தபின் கோடையைத் தாங்கும். மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தரும். அடுத்த நடவுக்கு முன் செடியைச் சேற்றில் மடக்கி உழுக.

ஓரத்துச் செடிகளை நெற்று முற்ற விடுதல் நன்று. உதிரும் விதைகளுள் தோல் தடித்தவை நிலத்திற் கிடந்து, பின்வரும் ஆண்டுகளில் தாமே முளைக்கும்.