பதின்மூன்று டொலர் சாப்பாடு: உல்லாசக் கப்பல்கள் நடத்தும் உணவு வியாபாரம்

சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவரிடம் சென்று, "ஒரு வாடிக்கையாளர் ஏழு நாட்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிடுவார். காலையிலிருந்து நள்ளிரவு வரை எத்தனை தடவை வந்தாலும், எத்தனை கோப்பை கேட்டாலும் நீங்கள் கொடுக்க வேண்டும். சம்மதமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "நம்மால் முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்றுதான் சொல்வார். ஆனால் உலகின் பெரிய உல்லாசப் பயணக் கப்பல் கம்பனிகள் இந்த வியாபாரத்தையே பல தசாப்தங்களாகச் செய்து வருகின்றன. அதில் நல்ல இலாபமும் காண்கின்றன. அது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வது, ஹோட்டல், பேக்கரி, கேட்டரிங், கல்யாண மண்டபம் என்று உணவோடு சம்பந்தப்பட்ட தொழில் செய்யும் நம்மவர்களுக்குப் பயன் தரும்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமி துறைமுகத்திலிருந்து சேவையை ஆரம்பித்த 'ஐகன் ஒஃப் த சீஸ்' என்ற கப்பல் ஆகக்கூடியது 7,600 பயணிகளை ஏற்றக்கூடியது. ஊழியர்கள் 2,350 பேர். இருபதுக்கும் மேற்பட்ட உணவகங்களும் சிற்றுண்டிச் சாலைகளும் அதில் உள்ளன. கப்பல் நிறைந்து ஓடும் நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு மூன்று வேளை உணவு. இடைநடுவில் வெங்காயம் முடிந்துவிட்டது என்று பையனைச் சந்தைக்கு அனுப்ப முடியாது.

இதற்கு என்ன செலவாகும்? பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகள் என்பதால் இவற்றின் கணக்குகள் பகிரங்கமானவை. ரோயல் கரீபியன் கம்பனியின் 2019ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கொவிட் வருவதற்கு முன்னர் முழுமையாக ஓடிய கடைசி வருடம் அது. அவ்வாண்டில் உணவுக்கான செலவு ஏறத்தாழ 584 மில்லியன் டொலர். ஒரு பயணி ஒரு நாள் கப்பலில் இருப்பதை ஒன்று என்று வைத்தால், அவ்வாண்டின் மொத்தம் சுமார் 44.8 மில்லியன் பயணி நாட்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குப் பதின்மூன்று டொலர். ஊழியர்களின் சாப்பாடும் இதற்குள்ளேயே அடங்கும். சமையற்காரரின் சம்பளம், எரிபொருள் போன்றவை வேறு கணக்கு என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று வேளை உணவு, மாலைத் தேநீர், இடையிடையே ஐஸ்கிரீம், நடுநிசியில் பீட்ஸா அத்தனைக்கும் மூலப்பொருள் செலவு பதின்மூன்று டொலர்தான். கம்பனியின் அவ்வாண்டு மொத்த வருமானம் சுமார் 10.95 பில்லியன் டொலர். அதில் உணவுக்குப் போனது ஐந்தரை வீதத்திற்கும் குறைவு.

தரங்குறைந்த பொருளை வாங்கி இந்தத் தொகைக்குள் அடக்குகின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரகசியம் முன்கூட்டியே தெரிந்திருப்பதில் உள்ளது. நமது கடையில் இன்று எண்பது பேர் வருவார்களா, நூற்றைம்பது பேர் வருவார்களா என்பது தெரியாது. அந்த அறியாமைக்கான விலை இரவு பத்து மணிக்குப் பாத்திரத்தின் அடியில் எஞ்சிக் கிடக்கும். கப்பலுக்கோ எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எந்த நாட்டவர், யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் புறப்படுமுன்னரே தெரியும். பிரதான உணவு மண்டபத்தின் இரவு மெனு ஏழு நாட்களுக்கு ஏழு. அடுத்த வாரம் வேறு பயணிகள் வருவார்கள், மெனு அதுவே. ஆகவே சிங்க இறால் பரிமாறும் இரவில் எத்தனை தட்டுக்கள் போகும் என்பதைச் சென்ற வாரங்களின் கணக்கை வைத்தே கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார்கள்.

புஃபே மண்டபத்திலும் கணக்கு உண்டு. சாலட், ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கைபோன போக்கில் அள்ளலாம். பொரித்த பெரிய இறைச்சித் துண்டுக்குப் பக்கத்தில் மாத்திரம் கத்தியோடு ஓர் ஊழியர் நின்று வெட்டித் தருவார். கேட்டால் மறுபடியும் தருவார். கேட்பதற்கே ஒரு கூச்சம் இருக்கின்றதல்லவா, அதுதான் அங்கு காவல். நமது சோற்றுக் கடைகளில் சோறும் பருப்பும் மரக்கறியும் மீண்டும் கேட்டால் இலவசம், இறைச்சித் துண்டு கேட்டால் காசு என்று நெடுங்காலமாக நடப்பதும் இதே முறைதான்.

சுத்தத்தில் மாத்திரம் அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போகும் உல்லாசக் கப்பல்களுக்காக 1975இல் அந்நாட்டுச் சுகாதாரத்துறை ஒரு பரிசோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. முன்னறிவித்தல் இன்றி வந்து, நூற்றுக்குப் புள்ளி போடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. புள்ளிகள் பகிரங்கமாக வெளியிடப்படும். குளிர் உணவு 5 பாகை செல்சியஸுக்கு மேற்படக்கூடாது. சூடான உணவு 57 பாகைக்குக் கீழிறங்கக்கூடாது. இந்த வெப்பநிலையில் வைக்காமல் நேரத்தை வைத்துக் கட்டுப்படுத்தும் உணவாயின் நான்கு மணித்தியாலத்தில் வீசிவிட வேண்டும். கல்யாண வீட்டுக்குக் காலையிலேயே புரியாணிச் சட்டியை இறக்கிவிட்டுப் பகல் இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர் சிலர் இந்த வரியை இரண்டு தடவை வாசிப்பது நல்லது.

*இலவசத்துக்கு மேல் ஒரு கட்டணம்*

எல்லாம் பயணச்சீட்டில் அடங்கும் என்றால் மேலதிக வருமானம் எங்கிருந்து வருகின்றது? இங்கேதான் கட்டண உணவகங்கள் வருகின்றன. இது புதிய யோசனையல்ல. 1905இல் ஜேர்மனியின் ஹம்பர்க் அமெரிக்கா கம்பனி 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ் ஹோட்டலின் பெயரில் தனி உணவகம் ஒன்றைத் திறந்தது. 1912இல் 'டைட்டானிக்' கப்பலின் முதலாம் வகுப்பிலும் அப்படியொன்று இருந்தது. லுயிஜி கட்டி என்ற இத்தாலியர் அதைக் குத்தகை அடிப்படையில் நடத்தினார். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தவரும் அவரே. (அவரும் அவரது ஊழியர்களில் பெரும்பாலானோரும் அந்த விபத்தில் உயிரிழந்தனர்.) அந்த உணவகத்தில் ஒரு நேர்மையான ஏற்பாடு இருந்தது. பயணம் முழுவதும் அங்கேயே சாப்பிடுவேன், பொது மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லும் பயணிக்குக் கப்பல் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். உண்ணாத சாப்பாட்டுக்கு ஏன் அவர் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள்.

இன்று அந்தக் கழிவு கிடையாது. பிரதான மண்டபத்தின் இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்கனவே பணம் கட்டிய ஒருவர், ஸ்டேக் உணவகத்துக்கோ ஜப்பானிய உணவகத்துக்கோ போனால் மறுபடியும் பணம் கட்டுகின்றார். பல கப்பல்களில் தலைக்கு 50 டொலருக்கும் மேல். அதற்கு மேல் 18 முதல் 20 வீதம் வரை சேவைக் கட்டணம். அவர் அங்கே போனதால் பொது மண்டபத்தில் ஒரு தட்டும் மிச்சம். பயணம் புறப்படுமுன்னரே மூன்று இரவு, ஐந்து இரவு என்று பொதி செய்து கழிவு விலைக்கு விற்பதனால் காசும் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். உணவகம், மதுபானம், கஸினோ, கரைச் சுற்றுலா முதலியவற்றைச் சேர்த்தால், ரோயல் கரீபியனின் 2019ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 28 வீதம் பயணச்சீட்டுக்கு வெளியே வந்தது.

இந்த மாற்றத்துக்குப் பெரிய கதவைத் திறந்தது 2000ஆம் ஆண்டில் நொர்வீஜியன் கம்பனி அறிமுகப்படுத்திய 'ஃப்ரீஸ்டைல்' முறை. அதற்கு முன்னர் மாலை ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டு எட்டரைக்கு இன்னொரு பந்தி. ஒவ்வொரு நாளும் அதே மேசை, அதே வெயிட்டர், கோட்டும் டையும். புதிய முறையில் விரும்பிய நேரத்தில், விரும்பிய உணவகத்தில், விரும்பியவர்களோடு சாப்பிடலாம். இளம் குடும்பங்கள் வரவேற்றன. மற்றக் கம்பனிகளும் ஏதோவொரு வடிவில் பின்தொடர்ந்தன.

*எங்கே சறுக்கினார்கள்?*

தெரிவு அதிகம் என்றால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்ற எண்ணம் எப்போதும் சரிவருவதில்லை. 2014 நவம்பரில் ரோயல் கரீபியன் தனது புதிய 'குவான்டம் ஒஃப் த சீஸ்' கப்பலில் பெரிய உணவு மண்டபத்தையே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நான்கு சிறிய இலவச உணவகங்களை வைத்தது. ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியே முன்பதிவு செய்ய வேண்டும். உணவில் பெரிய குறையில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தவர்கள் மேசைக்காக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு இரவும் புதிய வெயிட்டர். அவருக்கு இவர்களது பெயரும் தெரியாது, பழக்கமும் தெரியாது. முறைப்பாடுகள் குவிந்தன. 2016ஆம் ஆண்டளவில் கம்பனி பழைய முறைக்கே திரும்பியது. பல கோடி டொலர் செலவில் கட்டிய கப்பலில் வாடிக்கையாளர் தேடியது தன் முகம் தெரிந்த ஒரு வெயிட்டரை!

இதே சிக்கலை டிஸ்னி கம்பனி 1998இலேயே தீர்த்திருந்தது. அவர்களது கப்பலில் குடும்பங்கள் மூன்று உணவகங்களில் மாறி மாறிச் சாப்பிடும். ஆனால் வெயிட்டரும் அவர்களோடு சேர்ந்தே மாறுவார். முதல் நாள் பிள்ளைக்குத் தக்காளி ஸோஸ் பிடிக்காது என்று சொன்னால், மறுநாள் வேறு மண்டபத்திலும் அது மேசைக்கு வராது. இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை. ஊழியர் பட்டியலைச் சற்று மாற்றி எழுதியதுதான்.

இன்னொரு சறுக்கல் நமக்கு மிகவும் நெருக்கமானது. கெபினுக்குச் சாப்பாடு கொண்டுவரும் சேவை நீண்ட காலம் பெரும்பாலும் இலவசமாக இருந்தது. 2015இல் நொர்வீஜியன் கம்பனி ஒரு ஓடருக்கு 7.95 டொலர் அறவிடத் தொடங்கியது. பயணிகள் என்ன செய்வார்கள்? புஃபேக்குப் போய்த் தட்டை நிரப்பிக்கொண்டு தாங்களே கெபினுக்கு நடந்தார்கள். எச்சில் தட்டுக்கள் நடைபாதைகளில் கிடந்தன. கம்பனி அடுத்து, புஃபே உணவை வெளியே கொண்டுபோகத் தடை என்றது. அதற்கு எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அந்தத் தடையை வாபஸ் பெற நேர்ந்தது. கட்டணம் நிலைத்தது, 2017இல் ரோயல் கரீபியனும் அதே தொகையை விதித்தது. ஆனால் இலவசமாக இருந்த ஒன்றுக்கு விலை போடும்போது, வாடிக்கையாளர் அந்த விலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கின்றது. 2022இன் விலையேற்றத்தின்போது பார்சலுக்கான பெட்டிக் காசைத் தனியே அறவிட்ட கடைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

புதிதாக ஒன்றை வைத்து அதற்கு விலை கேட்டால் பெரும்பாலானோர் முகம் சுளிப்பதில்லை. ஏற்கனவே தமது பணத்துக்குள் அடங்கியிருந்ததை மெலியவைத்துவிட்டு, அதையே வேறு பெயரில் விற்பதாகத் தோன்றினால்தான் கோபம் வருகின்றது. ஆகவே கட்டண உணவகம் எத்தனை திறந்தாலும், பிரதான மண்டபத்தின் ரொட்டி சூடாகவும் சூப் சுவையாகவும் இருக்க வேண்டும். கடலில் இருக்கும் ஏழு நாளும் அவர் வேறு கடைக்குப் போக முடியாதுதான். கரை இறங்கிய பின்னர் அடுத்த வருடப் பயணத்துக்கு வேறு கம்பனியைத் தேடுவதை யாரும் தடுக்க முடியாது.

நமது சமூகத்தினர் கவனிக்க வேண்டிய வேறொரு பரீட்சையும் இப்போது நடந்து வருகின்றது. ஹலால் உணவு கேட்டால் மரக்கறி சாப்பிடுங்கள் என்று சொல்லும் நிலை கப்பல்களில் மெல்ல மாறி வருகின்றது. சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'கெண்டிங் ட்ரீம்' 2023இல் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் நியமப்படி ஹலால் சான்றிதழ் பெற்றது. சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான கம்பனியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, கெண்டிங் ட்ரீமின் சகோதரக் கப்பலான 'வேர்ல்ட் ட்ரீமை' வாங்கி, 'அரோயா' என்று பெயர் மாற்றி, 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து ஓட விட்டது. அதில் மதுபானமும் இல்லை, சூதாட்டமும் இல்லை. மற்றக் கம்பனிகளுக்குப் பயணச்சீட்டுக்கு வெளியே வரும் வருமானத்தின் இரு பெரிய வாசல்கள் இவையே. அவ்விரண்டையும் மூடிவிட்ட கப்பலில் உணவகமும் கோப்பிக் கடையும் குடும்பப் பொழுதுபோக்கும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.