ஒளிவட்டமும் காட்சியளவையும்

மக்கள் உடலைச் சூழ்ந்து ஒளிவட்டம் ஒன்றுண்டென்றும், அதன் நிறங்கண்டு ஒருவர்தம் குணத்தையும் பிணியையும் அறியலாமென்றும் கூறுவார் உளர். நம் கண்டி மாநகரில் இவ்வெண்ணம் வேரூன்றுதற்கு ஏதுக்கள் பல. வெசாக் காலத்தில் வாவிக்கரையெங்கும் அசையும் பௌத்தக்கொடி 1885ஆம் ஆண்டு இலங்கையில் அமைக்கப்பட்டது; புத்தர் திருமேனியினின்று எழுந்தனவாகச் சொல்லப்படும் கதிர்களின் நிறங்களே அதன் நிறங்கள். அதற்கடுத்த ஆண்டில் ஒல்கொட் துரையுடன் இங்கு வந்து சில காலம் தங்கிய லெட்பீற்றர் என்னும் பிரமஞான சபையார், 1902இல் மானிட ஒளிவட்டங்களை வண்ணப்படங்களாக்கி நூலொன்று வெளியிட்டார். நம் ஆலயங்களிலோ கூத்தப்பெருமானைச் சூழ்ந்த திருவாசி நாடோறும் கண்முன் நிற்கின்றது.

நாமும் ஒளிவட்டம் கண்டதுண்டு. ஒரு தை மாதத்து வைகறையில் அன்பர் இருவருடன் அந்தானை மலைச்சாரலில் நடந்தேம். ஞாயிறு அப்போதுதான் எழுந்தது. பனி படிந்த புற்றரைமேல் நீண்டு விழுந்த நம் நிழலின் தலையைச் சூழ்ந்து வெண்சுடர் ஒன்று பொலிந்தது. அன்பர்தம் நிழல்களை நோக்கினேம், அவற்றில் அஃதில்லை. “உங்கள் தலையில் ஒன்றுமில்லையே, என் தலையிலன்றோ இருக்கின்றது” என்றார் ஒருவர். மற்றவரும் அவ்வாறே தமக்குரியதென்றார். மூவருள் யார் பக்குவர் என்னும் வழக்கு மலையடிவாரம் வரையும் தீரவில்லை.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் என்பார், 1859இல் வெளியிட்ட நூலில் இத்தோற்றத்தை வருணித்துள்ளார். புத்தர் சிலைகளின் முடிமேலுள்ள தீச்சுடர் இதனின்றே கருதப்பட்டிருக்கலாமென்பதும் அவர் ஊகம். இது நிகழுமாறு யாதெனின், பனித்துளி ஒவ்வொன்றும் சிறு கண்ணாடிவில்லைபோல நின்று வெயிலைப் புல்லிதழில் குவித்து, வந்த வழியே மீளச் செலுத்தும். மீளும் அவ்வொளி, ஞாயிற்றுக்கும் தன் நிழலுக்கும் நடுவே நிற்பவன் கண்ணுக்கே எய்தும். ஆகவே எவனும் தன் தலையிலன்றிப் பிறன் தலையில் அதனைக் காணான்.

இனி, வெண்சுவர் முன் நிற்பாரை இமையாது நெடும்பொழுது நோக்கினும் அவருருவின் ஓரத்தில் நிறவிளிம்பு தோன்றும். அது நோக்கிய கண்ணின் சோர்வு. அவரைக் கதவுநிலைக்கு அப்பால் சற்றே மறைந்து நிற்கச் செய்து, விளிம்பு மட்டும் வெளியே தெரிகின்றதா எனப் பார்ப்பின் ஐயம் தீரும். நாம் பன்முறை பார்த்தும் எதுவும் தெரியவில்லை.

அருணந்தி சிவாசாரியர் சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐயமுந் திரிபும் நீங்கியதே காட்சி என வரையறுத்து, அதனை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தார். யோகக்காட்சி உண்டென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் கண்ணென்னும் வாயிலிற் பிறந்த பழுதை யோகக்காட்சியென மயங்குதல் திரிபேயாம். இதனை நாம் எளிதாக அறிந்தேமல்லேம்.

நம்மூர்க் கோயிலொன்றில் அம்மையார் ஒருவர், மாலைப் பூசையில் தீபத்தைச் சுற்றியும், தீபமேந்திய குருக்களின் முகத்தைச் சுற்றியும் வானவில்போல் வளையம் தெரிகின்றதெனச் சில திங்களாகச் சொல்லி வந்தார். உடனிருந்தார் அவரை வணங்கத் தலைப்பட்டனர். வெள்ளிக்கிழமை வகுப்பில் நாமே அவரை யோகக்காட்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறினேம். கண்ணுள்ளும் நெற்றியிலும் வலி உண்டென அவர் உரைத்ததையும் அருளின் வேகமெனக் கொண்டேம். அப்பிழை நம்முடையது. ஓரிரவு வலி மிக்கு வாந்தியும் எடுத்தது. மூன்றாம் நாளிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர்.

அந்நோய் கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதனால் வருவது. கண்ணின் உள்நீர் வடியும் வழி குறுகியிருப்பார்க்கு, மங்கிய மண்டபவொளியிற் கண்மணி விரியும்போது அவ்வழி அடைபடும், அழுத்தம் ஏறும், முன்புறத் தெளிபடலம் நீரேறிப் பனிமூட்டம்போலாகும். மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றி நாம் காணும் வளையமும் அம்மையார் கண்ட வளையமும் தோன்றும் முறை ஒன்றே. கண்புரையுடையார்க்கும் இத்தகைய வளையம் தோன்றுவதுண்டு. ஆனால் கண்வலி, தலைவலி, வாந்தி ஆகியவற்றோடு வருமாயின் அன்றைக்கே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நாட்கழியின் பார்வை மீளாது.

அவருக்கு வலக்கண் போயிற்று. இடக்கண்ணுக்கு அழுத்தம் ஏறுமுன் லேசர் கதிரால் உட்டிரையில் நுண்டுளையிட்டுக் காத்தனர். இப்போது பேரன் கைபிடித்து மாலைப் பூசைக்கு வருகின்றார். சென்ற வெள்ளியன்று அருகே சென்று நலம் வினவினேம். “ஐயா, இப்போது விளக்கு விளக்காகவே தெரிகிறது” என்றார்.