கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

முன்னுரை

உடலுக்கு இதயம் எப்படியோ, கணினிக்கு மின்வழங்கி அப்படி. கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். கணினி வாங்குவோர் பிராசசர் எது என்று கேட்பர், கிராபிக்ஸ் கார்டு எது என்று கேட்பர், எஸ்.எம்.பி.எஸ். எது என்று கேட்போர் அரியர். கேளாததால் வந்த கேட்டினை நேரில் கண்டவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

புதூரில் என் பெரியப்பா மகன் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். திருமண வீடியோக்களை விரைந்து தொகுப்பதற்காக, மதினியின் சங்கிலியை அடகு வைத்து, ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, “தம்பி, நீ படிக்கிற பிள்ளை. இந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா, பாரு” என்றார். பெட்டியின் மேல் 600 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. “தாராளமாகத் தாங்கும் அண்ணே” என்றேன்.

மூன்று வாரம் ஓடியது. சில்லறை வேலைகளில் குறையொன்றும் இல்லை. முழு வீடியோவை வெளியெடுக்கும்போது மட்டும் கணினி தானாக அணைந்தது. ஒரு நாள் மாலை கருகிய நெடி வந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு மதர்போர்டும் போயிற்று. கார்டு மட்டும் தப்பியது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

பெட்டியின் பக்கவாட்டை வாசியுங்கள்

மறுநாள் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை முதன்முறையாக வாசித்தேன். இது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய நேர்மின்சாரங்களாக மாற்றித் தருகிறது. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே உண்பன. அந்தச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர் என்றிருந்தது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்று பள்ளியிலேயே படித்தோம். 12-ஐ 25-ஆல் பெருக்கினால் 300 வாட். மேலே எழுதியது 600. வேலைக்கு உதவுவது 300!

இனித் தேவையைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட். பிராசசருக்கு 125 வாட் என்று கொள்வோம். மற்றவற்றுக்கு 50 வாட். ஆக மொத்தம் 495 வாட். கார்டுக்கு மட்டுமே ஏறக்குறைய 27 ஆம்பியர் வேண்டும். ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டுப் பாரம் ஏற்றிய கதைதான் இது. இந்தக் கார்டுக்கு 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தயாரிப்பாளரான என்விடியாவே பரிந்துரைத்துள்ளது. இரண்டு நிமிடக் கணக்கு இது. நான் போடவில்லை.

மிகுதி எதற்கு?

495 வாட் தேவைக்கு 750 எதற்கு என்று கேட்கலாம். கார்டு எப்போதும் ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் அதன் தேவை எகிறி இறங்கும். இதனை எண்ணியே 2022-இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 என்னும் விதிமுறை, 12 முனை இணைப்புக் கொண்ட மின்வழங்கிகள் தம் அளவினைப் போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும் என்றது. மேலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வலுவிழக்கும். வெப்பமும் அவற்றைத் தின்னும்.

750 வாட் என்பதால் மின்கட்டணம் கூடுமோ என்று அண்ணன் அஞ்சினார். கூடாது. கணினி கேட்பதை மட்டுமே அது கொடுக்கும். 495 வாட் கொடுக்க, 90 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 550 வாட் எடுக்கும். இரண்டு மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். பெட்டியில் காணும் ‘80 பிளஸ்’ வெண்கலம், தங்கம் என்னும் முத்திரைகள் இந்தப் பயனுறுதிறனைக் குறிப்பவை. அவற்றை மட்டும் நம்பி ஆயுளை அளந்துவிடக் கூடாது. மிகை மின்னோட்டம், மிகை அழுத்தம், குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்குக் காப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணனுடையதில் அக்காப்பு செவ்வனே இருந்திருந்தால் மதர்போர்டு பிழைத்திருக்கக் கூடும்.

இணைப்பு வயர்கள்

8 முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், மதர்போர்டின் துளைக்கு 75 வாட் என்பது விதி. கார்டில் இரண்டு 8 முனைத் துளைகள் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இரண்டு தனித்தனி வயர்கள் வர வேண்டும். வேறு வகை வயரை அடாப்டர் போட்டு இழுப்பது ஆபத்து. நாங்கள் அதையும் செய்திருந்தோம். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 450 வாட். 2025-இல் வந்த 5090 கார்டுக்கு 575 வாட். இவற்றின் புதிய இணைப்பு 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியரை, ஆறு முனைகள் வழியே கொண்டு செல்கிறது. முழுதும் அழுத்திச் செருகாத இணைப்புகள் உருகியதாக 2022-இல் உலகெங்கும் செய்திகள் வந்தன. மறு ஆண்டே அதன் அமைப்பைத் திருத்தினர்.

நம் கரிசல் மண்ணும் எர்த்தும்

நம் பகுதிக்கென்றே இரண்டு செய்திகள் உள. ஒன்று, குறைந்த மின்னழுத்தம். 550 வாட் இழுக்கும் கணினிக்கு 230 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் போதும். 170 வோல்ட்டுக்கு இறங்கினால் 3.2 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் கூடினால் வெப்பம் கூடும். ஆகவே 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கியே நமக்கு ஏற்றது.

மற்றொன்று எர்த். அண்ணனின் கணினிப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே வடிகட்டியாக உள்ள சிறு மின்தேக்கிகள் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. எர்த் இல்லையேல் பெட்டி ஏறக்குறையப் பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். ஸ்டூடியோவில் எர்த் குழி இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, குழாயை விட்டு மண் விலகியிருந்தது. ஈரமுள்ள கரிசல் மின்சாரத்தை நன்கு கடத்தும், காய்ந்தால் கடத்தாது. எலெக்ட்ரீசியனை அழைத்துக் குழியைச் செப்பனிட்டோம். இப்போது மதினி வாரம் இருமுறை அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். சுர்ரென்பது நின்றது.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசருக்கு மட்டுமன்று, கணினி வாங்குவோர்க்கும் பொருந்தும். அண்ணன் வேறு மதர்போர்டும் 750 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கிவிட்டார். 12 வோல்ட்டுக்கு நேரே 62 ஆம்பியர் என்று நான் வாசித்துச் சொன்ன பிறகே பணம் கொடுத்தார். கணினி இப்போது அணைவதில்லை. சங்கிலி மட்டும் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ‘படித்த பிள்ளை’ என்று நம்பி ஊரார் நம்மிடம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதிருப்போம். தெரிந்த கணக்கைப் போடாமலும் இராதிருப்போம்.