அடுப்பு வெக்கையை லென்ஸால் பிடிக்க முடியுமா?



எங்க வீட்டுல அப்பாயி இன்னும் பருத்திமார் எரிச்சுத்தான் வெந்நீர் போடுவாங்க. அடுப்புப் பக்கம் நின்னா முகம் எரியும். "இந்த வெக்கை எல்லாம் வீணாத்தானே போகுது? லென்ஸ் வெச்சுக் குவிச்சா கரண்ட் எடுக்கலாமே!" என்று எனக்கு ஒரு யோசனை. அறிவியல் கண்காட்சியில் இதைத்தான் செய்யப் போறேன்னு வகுப்பில் சொல்லியும் விட்டேன். அது பலிக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அகச்சிவப்புக் கதிர்

1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறியது. அங்கே விழுந்ததுதான் அகச்சிவப்புக் கதிர். அடுப்பு, வெயிலில் காய்ந்த சுவர், நம்ம உடம்பு எல்லாமே இதை வெளிவிடுகின்றன. சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி இதுதான்.

நான் செய்து பார்த்தது

10 செ.மீ. அகலமும் 20 செ.மீ. குவியத் தொலைவும் உள்ள குவிலென்ஸை வெயிலில் பிடித்தேன். சூரியன் 2 மி.மீ. புள்ளியாக விழுந்தது. காகிதம் உடனே புகைந்தது. அடுத்து, கொதிக்கிற வெந்நீர்ப் பானைக்கு எதிரே அதே லென்ஸைப் பிடித்து, மறுபக்கம் வெப்பமானியை வைத்தேன். லென்ஸ் இல்லாதப்ப ஏறின அளவுகூட இப்ப ஏறல!

சாரிடம் கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார்.

1. 100 டிகிரி பானை விடும் கதிரின் அலைநீளம் அதிகம், சுமார் 8 மைக்ரோமீட்டர். சாதாரணக் கண்ணாடி 3, 4 மைக்ரோமீட்டருக்கு மேல் உள்ளதை உள்ளே விடாது. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராக்களில் அதனால்தான் ஜெர்மானியம் லென்ஸ் வைக்கிறார்கள்.

2. ஜெர்மானியம் லென்ஸே வைத்தாலும், குவியும் இடம் பானையைவிடச் சூடாகாது. அப்படிச் சூடானால் அந்த இடமே லென்ஸ் வழியாகப் பானைக்கு வெப்பத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதனால்தான் வெயிலில் காகிதம் எரிகிறது.

ஒரு கணக்கு

நல்ல உச்சி வெயிலில் 1 சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழும். என் லென்ஸின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அதில் விழுவது 8 வாட்டுக்கும் குறைவு. லென்ஸ் அதை ஒரே இடத்தில் சேர்க்குமே தவிர, கூட்டித் தராது. மின்சாரமாக மாற்றும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடும். நிறைய ஆற்றல் வேணும்னா பெரிய பரப்பு வேணும்.

அவ்வளவு பெரிய லென்ஸ் செய்தால் எடையும் விலையும் தாங்காது. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடிகளை வைக்கிறார்கள். ஆரோவில்லில் சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம் கட்டி, உள்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன ஆடிகளைப் பதித்திருக்கிறார்கள். கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, வெப்பம் வாங்கும் குழாய்தான் நகரும். அந்த வெப்பத்தில் உண்டாகும் நீராவி சமையலுக்கு. ராஜஸ்தானில் அபு ரோடு அருகே 2017-இல் தொடங்கிய நிலையத்தில், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் உள்ள 770 ஆடித் தட்டுகள். மின்திறன் 1 மெகாவாட்.

அப்போ அடுப்பு வெக்கை?

அதைத் தூரத்தில் நின்று குவிக்க முடியாது, தொட்டுத்தான் வாங்கணும். நம்ம ஊரில் இருப்பது போன்ற சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுப்பார்கள். புகைபோக்கிக்குப் போகும் சூடான புகையைக் கொண்டே பாய்லருக்குப் போகும் தண்ணீரையோ காற்றையோ சூடாக்குவது வழக்கம்.

இதை அப்பாயிகிட்ட சொன்னேன். "அதுக்குத்தான்டா அந்தக் காலத்துல கொடியடுப்பு போட்டாங்க" என்றார். முதல் பானையைத் தாண்டிப் போகும் அனல் இரண்டாவது பானையைச் சூடாக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்காட்சிக்கு இப்போது களிமண்ணில் கொடியடுப்பு மாதிரி செய்கிறேன். பழைய அடுப்பில் எவ்வளவு மார் எரிகிறது, இதில் எவ்வளவு என்று எடை போட்டுப் பார்த்து எழுதி வைப்பேன்.

எச்சரிக்கை: லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். காகிதம் எரிக்கும் சோதனையை ஆசிரியர் முன்னால், பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யோசியுங்கள்: உங்க வீட்டில் எந்த வெப்பம் வீணாகப் போகிறது?